மூன்று பாட்டில்களும் ஒரு சான்றிதழும்

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, குதிரை இனவிருத்தி நிலையத்தின் பெரிய கூடத்தில், மனிதகுல அறிவியல் தன் புதிய பக்கத்தைப் புரட்டவிருக்கிறது. பக்கம் புரளுவதை உட்கார்ந்து பார்ப்பதற்காக இருநூற்று நாற்பது நாற்காலிகள் வந்து இறங்கியிருக்கின்றன. மைக் இரண்டு. அதில் ஒன்று வேலை செய்யும்.

முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பொலிகுதிரைகளின் ஆண்மையை அளந்து வந்த பேராசிரியைக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழின் வாசகத்தை நிலையத்தின் இயக்குநரே தன் கைப்பட எழுதியிருந்தார். அதில் ‘மாபெரும்’ என்ற சொல் ஆறு இடங்களில் வந்தது. ‘குதிரை’ ஒரே ஒரு இடத்தில் வந்தது. ‘விந்து’ எங்கேயும் வரவில்லை. அம்மையார் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பொருளை ‘அது தொடர்பான திரவங்கள்’ என்று நாசூக்காகக் குறிப்பிட்டிருந்தார். படித்தவர்களில் பாதிப்பேர், அவர் குதிரைக்கு இருமல் மருந்து கண்டுபிடித்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விழா நாயகியின் வீட்டில் காலை ஆறரை மணிக்கு ஒருத்தி மட்டும் விழாவைப் பற்றி நினைக்காமல் இருந்தாள். மருமகள்.

கப்பலில் வேலை பார்க்கும் கணவன் வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை வீட்டில் மாமியார், மாமனார், அவள். ஆய்வகத்தில் மாமியாரும் அவளும். பேராசிரியையின் கீழ் இளநிலை ஆராய்ச்சியாளராக மூன்று வருடம் ஆகிறது. நிலையத்தின் இரும்பு கேட்டைத் தாண்டும் வரை ‘அத்தை’, தாண்டியதும் ‘மேடம்’. இந்தச் சட்டத்தைப் போட்டது மாமியார். ஒரு தடவை கேட்டில் வண்டி நின்றபோது, முன்சக்கரம் உள்ளேயும் பின்சக்கரம் வெளியேயும் இருந்ததால் மருமகள் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் காட்டினாள்.

நேற்று மாலை நுண்ணோக்கியில் தான் கண்டதைப் பற்றி அவள் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கண்டது இதுதான். நிலையத்து லாயத்தில் ‘அமைச்சர்’ என்று ஒரு கறுப்புக் குதிரை நிற்கிறது. யார் கூப்பிட்டாலும் உடனே திரும்பாது, சற்றுக் காக்கவைத்துத்தான் திரும்பும் என்பதால் அந்தப் பட்டம். இரண்டு மாதத்துக்கு முன் அமைச்சருக்குக் கடும் காய்ச்சல். காய்ச்சல் வந்த பொலிகுதிரைக்கு விந்து கெடுவது உண்டு; சிலதுக்குத் திரும்பி வரும், சிலதுக்கு வராது. சொந்தக்காரர் பரிசோதனைக்குக் கொண்டுவந்து விட்டார். பேராசிரியை மூன்று முறை மாதிரி எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் உயிரணுக்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. ‘இனவிருத்திக்குத் தகுதியற்றது’ என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். இந்தத் தொழிலில் அந்தக் கையெழுத்துக்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தச் சொந்தக்காரர் சின்ன லாயக்காரர். அப்பா காலத்திலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த வம்சத்தில் அமைச்சர்தான் கடைசி ஆண். விதைக்கு ஆகாது என்றால், பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்காவது போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அங்கே காயடித்த குதிரையைத்தான் சேர்ப்பார்கள். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. இன்று, மாலை நான்கு மணி.

நேற்று மாலை கல்லூரி மாணவர்களுக்குச் செத்த மாதிரி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக மருமகள் அமைச்சரிடமிருந்து ஒரு மாதிரி எடுத்தாள். சாதாரணப் பிளாஸ்டிக் பையில்தான். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, முதலில் தான் குனிந்து பார்த்தாள். பிணவறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், நாலு மணி மணியடித்துப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. முட்டிக்கொண்டு, முந்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

மாணவர்களிடம் விளக்கு பழுது என்று சொல்லி அனுப்பிவிட்டு, தனியாக உட்கார்ந்து எண்ணினாள். நூற்றுக்கு அறுபத்தெட்டு உயிரோடு இருந்தது.

மாமியாரின் கையெழுத்து தப்பு. ஏன் தப்பு என்பதுதான் தெரியவில்லை. அது தெரியாமல் அந்த அம்மாளிடம் போய் நிற்க முடியாது. ‘உனக்கு சர்வீஸ் எத்தனை வருஷம்?’ என்ற கேள்வி வரும். மூன்று என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனாள்.

மாமனார் தொட்டி முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். விழாவில் ‘கணவர் என்ற முறையில்’ நிகழ்த்தவேண்டிய பதினொரு பக்க உரையை மனப்பாடம் செய்துகொண்டே கையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி பாட்டில். பக்கத்தில் இன்னும் இரண்டு பாட்டில், ஏற்கெனவே கழுவித் துணியில் கவிழ்த்து வைத்தது.

மருமகளுக்கு அந்த மூன்று பாட்டில்களையும் தெரியும். தெரியாதவர்கள் நிலையத்தில் யாரும் இல்லை. பேராசிரியை வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியவை. மற்றக் குதிரைகளுக்குப் பிளாஸ்டிக் பை. தான் கையெழுத்துப் போடவேண்டிய வழக்குக்கு மட்டும் இந்தக் கண்ணாடி. அது அவருடைய பிடிவாதம். அவற்றைக் கொதிக்கவைக்கும் ஆய்வகத்தின் கொதிகலன் அறை மூன்று வாரமாக மூடிக் கிடந்தது. விழாவுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் அதற்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒரே நிறத்தை நான்கு தடவை மாற்றி அடித்தாயிற்று. ஆகவே பேராசிரியை பாட்டில்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தானே வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தார். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

“என்ன மாமா பண்றீங்க?”

“உங்க அத்தைகிட்ட மூச்சு விடாதே. மூணு வாரமா ரகசியமா நடக்குது.” தலைமை ஆசிரியர் முகத்தில் பெருமை பொங்கியது. “அவ கொதிக்க வெச்சு எடுத்தா கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையா திட்டுத் திட்டா நிக்குது. இந்தத் தண்ணி அப்படி. இவ்வளவு பெரிய விஞ்ஞானி கையில அழுக்கு பாட்டிலா? அவ குளிக்கப் போற நேரத்துல நான் பளபளன்னு ஆக்கி வெச்சிடறேன். அவளுக்கே தெரியாது.”

“எதுல கழுவறீங்க?”

பாத்திரம் கழுவும் பச்சைத் திரவத்தைத் தூக்கிக் காட்டினார். “இங்க பாரு, போட்டிருக்கான். கிருமியில தொண்ணூத்தொம்பது சதவீதத்தைக் கொல்லுமாம்.”

மருமகள் அதை வாங்கிப் பார்த்தாள். மெதுவாகக் கீழே வைத்தாள்.

“நூறு சதவீதம் கொல்லுது மாமா.”

பேராசிரியையின் ஆய்வகச் சுவரில் இருபத்தேழு கட்டளைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவரே எழுதியவை. முதல் கட்டளை: ‘விந்து தொடும் எதையும் சோப்பு தொடக்கூடாது.’ சோப்பு ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் உயிரணு சுருண்டு செத்துவிடும். அலசிவிட்டோம் என்று நாம் நினைப்பது வேறு, உயிரணு நினைப்பது வேறு. இதை மருமகள் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். குதிரை, சான்றிதழ், நாலு மணி, கத்தி.

நாற்பது வருடம் பிள்ளைகளை முட்டி போடவைத்த மனிதர், முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு வம்சத்தை வேரோடு பிடுங்க ஒரு மூடி பச்சைத் திரவம் போதும் என்பது அவருக்குப் பாடத்திட்டத்தில் வந்ததில்லை.

“நான் சொல்றேன்,” என்றார். “என் வாயால நானே அவகிட்ட சொல்றேன். மத்தியானம் வரைக்கும் டைம் குடும்மா.”

கொடுத்தாள். கொடுத்திருக்கக் கூடாது. பேச்சாளர்களுக்கு இரண்டு வரி பேசுவதுதான் கஷ்டம் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. மனைவி அறையை விட்டு வெளியே வந்ததும் தொண்டையைச் செருமி, புடவை நிறம் பொருத்தமாக இருக்கிறது என்றார். காரில் ஏறியதும் மறுபடி செருமி, இந்தச் சாலையில் போனால் நெரிசல் இருக்காது என்றார். கேட்டில் இறங்கும்போது மூன்றாவது தடவையாகச் செருமினார். தொண்டை சரியில்லையென்றால் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கூடத்தில் அவரைக் கொண்டுபோய் முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பதினொரு பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கூடத்தின் வாசலில் பேராசிரியையின் வாழ்க்கையைப் படம் படமாக மாட்டியிருந்தார்கள். மருமகள் அதன் முன்னால் நின்றாள். தான் இன்றைக்குக் கவிழ்க்கப் போவது எதை என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

முதல் படத்தில் ஒல்லியாக ஒரு பெண், இடது கையை மார்போடு ஒட்டி இறுக்கிக்கொண்டு பனியில் நிற்கிறாள். கை உடைந்த மாதிரி தெரியும். உடையவில்லை. அக்குளில் ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். தொலைவிலிருந்த ஒரு லாயத்தில் மாதிரி எடுத்தபோது சூடுபெட்டி கெட்டுப்போனது. குளிர் பட்டால் உயிரணு செத்துவிடும். கூட வந்த மூத்த விஞ்ஞானிகள் இருவரும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இவள் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தாள். ஆய்வகத்துக்கு வந்து பார்த்தபோது பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. அந்தக் குழாயிலிருந்து ஒரு குட்டி பிறந்தது. குதிரைக்காரர்கள் பத்து வருடத்துக்கு அவளை ‘அக்குள் டாக்டர்’ என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள். மாதிரியை எந்த வேகத்தில் குளிர்வித்தால் சாகாது என்று ஒன்பது வருடம் உட்கார்ந்து அட்டவணை போட்டார். அந்த அட்டவணையால் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்றாயிற்று. சின்னப் பெட்டியில் ஒரு புட்டி போனால் போதும். ஆகாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய எத்தனையோ பொலிகுதிரைகளை ஆகும் என்று நிரூபித்தார். பல்லுப் போன கிழவர்கள் தங்கள் குதிரையின் விந்து எண்ணிக்கையை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அது என்னவோ தங்கள் சொந்த எண்ணிக்கை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மருமகளுக்குப் பெருமையாக இருந்தது. இந்த அம்மாள் வீட்டில் தன்னை எத்தனை தடவை எதற்கெல்லாம் திட்டியிருக்கிறார் என்பது அந்தச் சமயத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது. அதனால் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மணி இரண்டே கால். முதல் வரிசையில் மாமனார் செருமிக்கொண்டிருந்தார். இனி அவரை நம்பிப் பயனில்லை.

பேராசிரியை ஆய்வகத்தில் தனியாக இருந்தார். விழாப் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. இன்றைக்கு மேடையில் காட்சிக்கு வைப்பதற்காகக் கொண்டுவந்த அந்த மூன்று பாட்டில்களும் மேசையில் பளபளவென்று நின்றன.

மருமகள் கதவைச் சாத்தினாள். நேற்று எடுத்ததை, பார்த்ததை, எண்ணியதைச் சொன்னாள். சர்வீஸ் எத்தனை வருஷம் என்ற கேள்விக்காகக் காத்திருந்தாள்.

“எத்தனை சதவீதம்?”

“அறுபத்தெட்டு மேடம். ரெண்டு தடவை எண்ணினேன்.”

“ரெண்டு தடவை போதுமா?”

“மூணாவது தடவை எண்ணக் கை நடுங்கிடுச்சு.”

பேராசிரியை தலையை ஆட்டினார். கை நடுங்கும்போது எண்ணக்கூடாது என்பது பதினான்காவது கட்டளை.

“அப்ப என் பாட்டில்ல மட்டும் ஏன் சாகுது?”

மருமகள் பாட்டில்களைப் பார்த்தாள். “அதுல சோப்பு இருக்கு, அத்தை.”

கேட்டுக்கு உள்ளே அந்தச் சொல் விழுந்தது மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. பேராசிரியை அதைக் கண்டிக்கவில்லை.

“நான் சோப்பு போடலையே.”

“நீங்க போடலை.”

இவ்வளவுதான் சொன்னாள். பேராசிரியை ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அப்படியே ஜன்னல் வழியாக எதிரே பார்த்தார். கூடத்தின் கதவு திறந்திருந்தது. முதல் வரிசையில் தலைமை ஆசிரியர் காகிதங்களால் விசிறிக்கொண்டிருந்தார்.

“கல்யாணம் ஆன நாளா அந்த மனுஷன் ஒரு டம்ளர் அலம்பினது கிடையாது,” என்றார் பேராசிரியை. “ஆரம்பிச்சதுதான் ஆரம்பிச்சார், பொலிகுதிரைகிட்டயா ஆரம்பிக்கணும்?”

பிறகு கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “சரி. இதெல்லாம் சந்தேகம். சந்தேகத்தை வெச்சுக்கிட்டு நான் கையெழுத்தையும் போட மாட்டேன், அழிக்கவும் மாட்டேன். அமைச்சரைக் கூட்டிட்டு வரச்சொல்லு.”

மாதிரி எடுக்கும் கொட்டகை ஆய்வகத்தை ஒட்டியே இருக்கிறது. நடுவில் தோல் போர்த்திய பொம்மைக் குதிரை ஒன்று உண்டு. அதற்குத் தலை கிடையாது. பொலிகுதிரைகள் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை. அங்கே நடந்ததைக் குடும்பப் பத்திரிகையில் விவரிப்பதற்கில்லை. அமைச்சர் வழக்கம்போல் எல்லோரையும் ஆறு நிமிடம் காக்கவைத்தார், பிறகு கடமையைச் செய்தார் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். கூடத்திலிருந்து ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி பிளாஸ்டிக் பையில். மறுபாதி, இன்று காலை தலைமை ஆசிரியர் அன்போடு தேய்த்த பாட்டிலில். இரண்டும் ஒரே சூட்டில், ஒரே மேசையில். பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் இயக்குநர் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை, சிறப்பு விருந்தினரான குதிரை வளர்ப்போர் சங்கத் தலைவர் வந்துவிட்டார் என்றார். அவசரமில்லை என்று பேராசிரியை சொன்னார். இரண்டாவது தடவை வந்தபோது பேராசிரியை நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

முதல் தகட்டில் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. இரண்டாவது தகட்டில் ஒன்றும் அசையவில்லை. அத்தனை வாலும் கொக்கி மாதிரி சுருண்டிருந்தது.

நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இந்தச் சுருண்ட வாலை அன்னைக்கும் பார்த்தேன். காய்ச்சலாலன்னு எழுதினேன். கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு. பாட்டில் என் பாட்டில்ங்கறதால மூளை சந்தேகப்படலை.”

“யாரா இருந்தாலும் அப்படித்தான் மேடம் நினைச்சிருப்பாங்க.”

“யாரா இருந்தாலும் நினைக்கிறதை நினைச்சதுக்கா எனக்கு விழா எடுக்கிறாங்க?”

தொலைபேசியை எடுத்து அறுவை மருத்துவரைக் கூப்பிட்டார். அமைச்சர் மேல் கத்தி படக்கூடாது என்றார். காரணம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. “நான் தப்பு பண்ணிட்டேன், அதான் காரணம்,” என்று சொல்லி வைத்தார்.

வாசலில் நின்ற இயக்குநருக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் மூளை அபாரமாக வேலை செய்தது. குதிரைதான் பிழைத்துவிட்டதே என்றார். அறுவையை மின்தடை என்று தள்ளிப்போடலாம். அடுத்த வாரம் காய்ச்சல் முழுசாகத் தெளிந்தது என்று புதுச் சான்றிதழ் எழுதலாம். லாயக்காரருக்குச் சந்தோஷம், நிலையத்துக்குப் பெயர், மேடத்துக்கு விருது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இன்றைக்கு விழா, அறிவியலைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

தப்பு சொல்ல முடியாத யோசனை. மருமகளுக்கே ஒரு நிமிடம் அது நியாயமாகத் தெரிந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மாளும் அதை யோசிக்காமல் இல்லை. ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். கூடத்தில் இருநூற்று நாற்பது பேர்.

பேராசிரியை அலமாரியைத் திறந்து சான்றிதழ் பதிவேட்டை எடுத்தார். கடைசி இரண்டு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“நீங்க சொன்னது குதிரைக்குப் போதும் சார். எனக்குப் போதாது.”

“கோட்டைக் கழட்டிடுங்க மேடம், ஃபோட்டோ எடுப்பாங்க,” என்றார் இயக்குநர் பலவீனமாக.

பேராசிரியை கோட்டோடே மேடை ஏறினார். இருபத்தைந்து நிமிடம் தாமதம். வரவேற்புரையில் இயக்குநர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விருதைக் கொடுப்பதற்கு முன்னால் பேராசிரியை மைக்கைக் கேட்டு வாங்கினார். முதலில் வேலை செய்யாத மைக்கில் பேசினார், பிறகு மாற்றினார்கள். இந்த மாதம் ஒரு குதிரையை ஆகாது என்று எழுதிக்கொடுத்ததையும், அது தப்பு என்று அரை மணி நேரத்துக்கு முன் உறுதியானதையும் சொன்னார். காரணம், மாதிரி எடுத்த பாட்டிலில் சோப்பு. தன் வீட்டுச் சமையலறையில் வைத்த பாட்டிலை, தன்னுடையது என்பதற்காகவே மறுபரிசோதனை செய்யாமல் எடுத்துவந்தது தன் குற்றம். முதல் கட்டளையை எழுதியவளே அதை மீறிவிட்டாள். கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பின் வரிசையில் நின்றிருந்த லாயக்காரர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

“இதைக் கண்டுபிடிச்சது இதோ நிக்கிற இந்தப் பொண்ணு,” என்றார் பேராசிரியை. “மூணு வருஷ சர்வீஸ். என் கையெழுத்தை நம்பாம திருப்பி எண்ணியிருக்கா. முப்பத்து மூணு வருஷத்துல நான் கத்துக்கொடுத்ததுல உருப்படியானது இதுதான். எனக்கு மருமகளும்கூட. அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கிறேன்.”

மருமகள் ஓரத்தில் நின்று கீழே பார்த்தாள். நிமிர்ந்தால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது.

அப்போதுதான் முதல் வரிசையில் நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. தலைமை ஆசிரியர் எழுந்து நின்றார். பதினொரு பக்கங்களும் தரையில் சிதறின. அவர் குனிந்து எடுக்கவில்லை.

“சோப்பு போட்டது நான்,” என்றார் உரத்து. மைக் தேவைப்படவில்லை. “அவளுக்குத் தெரியாது. பளபளன்னு இருக்கட்டுமேன்னு செஞ்சேன்.”

பிறகு உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை. கைதட்டல் வாங்கிய ஒரே உரையும் அதுதான். ஒருவர் தட்ட, பத்துப் பேர் தட்ட, கூடமே எழுந்தது. பேராசிரியை மேடையிலிருந்து கணவரைப் பார்த்தார். அது திட்டுவதற்கான பார்வைதான், ஆனால் பாதியிலேயே வேறு ஏதோவாக மாறிவிட்டது.

பதிவேட்டைத் திறந்து, “இன்னும் ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தார். சங்கத் தலைவர் விடவில்லை. மைக்கைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டார். தன் பொதுவாழ்வில் இப்படியொரு நேர்மையைக் கண்டதில்லை என்றார். தவறை ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் வேண்டும் என்றார். அதைக் கேட்டுக்கொள்ளும் பெருந்தன்மையும் சமூகத்துக்கு வேண்டும் என்றார். இந்த அம்மையார் செய்த தவறால் பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும், அவர் அதைப் புன்னகையோடு மன்னிக்கக் கடமைப்பட்டவர் என்று மேசையைத் தட்டினார். இருபது நிமிடம். விருதை எடுத்துப் பேராசிரியையின் கையில் கொடுத்தார், குலுக்கினார், புகைப்படத்துக்கு நின்றார். கூடம் மறுபடி எழுந்து தட்டியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை நிஜமாகவே.

கைதட்டல் ஓயும் வரை பேராசிரியை காத்திருந்தார். பிறகு பதிவேட்டின் கடைசிக்கு முந்தின பக்கத்தைத் திருப்பித் தலைவரிடம் நீட்டினார்.

அந்தப் பாட்டில்களை வைத்து இந்த மூன்று வாரத்தில் கொடுத்த சான்றிதழ்கள் இரண்டு. மற்றது தலைவருடைய குதிரை. அதற்குப் போன புதன்கிழமையே காயடித்தாயிற்று.